ரத்த அழுத்த மாத்திரையால் வீக்கம்: அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்

வணக்கம். அம்மா ரத்த அழுத்தத்துக்காக நெடுங்காலமாக எனலாப்ரில் சாப்பிட்டுவந்தார். போன மாதம் ஒரு காலையில் மேலுதடு திடீரென்று வீங்கிவிட்டது. அரிப்பும் இல்லை, தடிப்பும் இல்லை. மாத்திரைதான் காரணம் என்று மருத்துவர் உடனே நிறுத்திவிட்டார். இந்த வகை மாத்திரைகள் பிராடிகைனின் என்ற பொருளைச் சிதையவிடாமல் உடலில் தேக்கிவிடுவதால் இப்படி ஆகுமாம். ஆண்டுக்கணக்கில் ஒத்துக்கொண்ட பிறகும் வருமாம். நாக்கோ தொண்டையோ வீங்கினால் சற்றும் தாமதிக்காமல் அவசரப் பிரிவுக்கு வர வேண்டும் என்றார். இதே வகையைச் சேர்ந்த ராமிப்ரில், லிசினோப்ரில் எதுவும் இனி கூடாது.

இப்போது அம்லோடிபின் என்ற வேறு வகை ரத்த அழுத்த மாத்திரை. 5 மி.கி. அளவை 10 ஆக்கியதும் மாலையில் இரண்டு கணுக்கால்களும் வீங்குகின்றன. விரலால் அழுத்தினால் குழி விழுகிறது. இது வேறு வகை, முன்னதைப் போல் ஆபத்தானது அல்ல என்கிறார்கள். அம்மா நம்பினால்தானே! மாத்திரையைக் கண்டாலே முகத்தைத் திருப்பிக்கொள்கிறார்.

அளவைக் குறைத்ததும் உங்களுக்குக் கால் வீக்கம் வடிந்ததா? எத்தனை நாளில்? நீர் மாத்திரை பயன் தந்ததா? எனலாப்ரில் ஒத்துக்கொள்ளாமல் டெல்மிசார்ட்டன் என்ற இன்னொரு வகை ரத்த அழுத்த மாத்திரைக்கு மாறியவர்கள் இருக்கிறீர்களா? அடுத்த வாரம் மருத்துவரைப் பார்க்கிறோம். அவரிடம் கேட்க வேண்டியவற்றைக் குறித்துக்கொள்ளத்தான் இந்தப் பதிவு. மாத்திரையையே நிறுத்திவிடுங்கள் என்ற யோசனை மட்டும் வேண்டாம்.