விழாத குழந்தை நடக்க மறுக்கிறான்: முதுகெலும்பில் தொற்று இருக்குமா?

கேள்வி (தங்கச்சிமடம்):
எங்கள் மகனுக்கு இரண்டரை வயது. எங்கும் விழவில்லை; ஆனாலும் சில நாட்களாக நடக்க மறுக்கிறான், உட்கார வைத்தால் அழுகிறான், படுக்க வைத்தால்தான் அமைதியாகிறான். காய்ச்சல் லேசாகத்தான் இருக்கிறது. கால் எக்ஸ்ரேயில் ஒன்றும் இல்லை என்றார்கள். சுளுக்காக இருக்கும், உருவிவிடலாம் என்கிறார் என் மாமியார். செய்யலாமா?

பதில் (ஓய்வுபெற்ற குழந்தை மருத்துவர், ராமநாதபுரம்):
வேண்டாம் அம்மா, முதுகையோ இடுப்பையோ யாரும் உருவ விடாதீர்கள். ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கு இடுப்புப் பகுதியில் முதுகெலும்புகளுக்கு இடையே உள்ள வட்டில் (டிஸ்க்) தொற்று வந்தால், முதுகு வலிக்கிறது என்று சொல்லத் தெரியாததால், அது நடக்கவும் உட்காரவும் மறுப்பதாகவே வெளிப்படும். காய்ச்சல் இல்லாமலும் இருக்கலாம். நிற்கிற பிள்ளை தரையில் கிடக்கும் பொம்மையைக் குனியாமல், முதுகை விறைப்பாக வைத்து முழங்காலை மடக்கி எடுத்தால், முதுகைச் சந்தேகிக்க வேண்டும். இடுப்பு மூட்டில் சீழ் கட்டினாலும் நடக்க மறுப்பார்கள், அதுவும் அவசரமே. முதுகு எக்ஸ்ரேயில்கூட மாற்றம் தெரிய இரண்டு, மூன்று வாரங்கள் ஆகும் என்பதால், ஈ.எஸ்.ஆர்., சி.ஆர்.பி. (உடலில் அழற்சி இருப்பதைக் காட்டும் ரத்தப் பரிசோதனைகள்), ரத்தக் கல்ச்சர் (ரத்தத்தில் உள்ள கிருமியை வளர்த்துப் பார்ப்பது), எம்.ஆர்.ஐ. ஸ்கேன் ஆகியவற்றைக் கேளுங்கள். ஸ்டெஃபிலோகாக்கஸ் ஆரியஸ், இந்த வயதில் கிங்கெல்லா ஆகிய பாக்டீரியாக்களே பெரும்பாலும் காரணம். முதலில் ரத்தக்குழாய் வழியாகவும் பின்னர் வாய்வழியாகவும் சில வாரங்கள் ஆன்டிபயாட்டிக் கொடுத்தால், பெரும்பாலான பிள்ளைகள் அறுவை சிகிச்சையின்றியே குணமாகிறார்கள். கல்ச்சருக்கு ரத்தம் எடுக்கும் முன் நீங்களாகக் கடையில் மருந்து வாங்கிக் கொடுக்காதீர்கள். கால் தளர்ந்தாலோ சிறுநீர் போகாமல் நின்றாலோ உடனே 108-ஐ அழையுங்கள்.

பதில் (தொண்டி, ஒரு தந்தை):
சகோதரி, காசநோயும் முதுகெலும்பைத் தாக்கும். என் மகள் பல வாரங்களாக எடை குறைந்து, இரவில் அலறி எழுந்தாள். நடு முதுகில் சிறு புடைப்பு தெரிந்த பிறகே கண்டுபிடித்தார்கள். ஓராண்டு மாத்திரை கொடுத்தோம். அரசுத் திட்டத்தில் மருந்து இலவசம். சத்துணவுக்காக நிக்ஷய் போஷன் திட்டத்தில் இப்போது மாதம் 1000 ரூபாயும் தருகிறார்கள். வலி நின்றதும் மருந்தை நிறுத்திவிடக் கூடாது என்பதை வீட்டுப் பெரியவர்களுக்குப் புரியவைப்பதுதான் எங்களுக்குக் கடினமாக இருந்தது.

கேள்வி கேட்டவர்:
நன்றி. ஸ்கேனுக்கு மயக்க மருந்து கொடுப்பார்களாமே, பயமாக இருக்கிறது, ஐயா.

மருத்துவர்:
அசையாமல் படுக்க வைக்க அது இந்த வயதில் பெரும்பாலும் தேவைப்படும்; மருத்துவர் அருகிலிருந்து மூச்சையும் நாடியையும் கவனிப்பார். எத்தனை மணி நேரம் முன்பு பாலை நிறுத்த வேண்டும் என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள். எக்ஸ்ரே படத்தையும் கொடுத்த மருந்துகளின் சீட்டையும் எடுத்துக்கொண்டு, ராமநாதபுரம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு இன்றே புறப்படுங்கள்.