இந்தியா–இலங்கை மனித உரிமை ஒப்பீடு: எதை எடுப்பது, எதை விடுவது?

கேள்வி: கோத்தகிரிப் பெண்

எம்.ஏ. இரண்டாம் வருஷம் படிக்கிறேன். இலங்கையில் பேராதனையில் படிக்கும் இரண்டு மாணவிகளோடு சேர்ந்து ஒரு ஆய்வு. தலைப்பு ‘இந்தியா, இலங்கை: மனித உரிமையும் பன்மையும்’. அங்கே அவர்கள் பாதி, இங்கே நான் பாதி. மழையில் சிக்னல் போகாத வாரங்களில் வீடியோ காலில் பேசிக்கொள்கிறோம்.

முதல் அத்தியாயத்துக்கு ஒரு அட்டவணை போட்டேன். குடிமை, அரசியல் உரிமைகளுக்கான சர்வதேச உடன்படிக்கையில் இந்தியா 1979ல் சேர்ந்தது, இலங்கை 1980ல். மனித உரிமை ஆணையத்துக்கான சட்டம் இங்கே 1993, அங்கே 1996. தகவல் உரிமைச் சட்டம் 2005, 2016. பார்க்க அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் இதை வைத்துக்கொண்டு எங்கள் லைன் வீடு (தோட்டத் தொழிலாளர் வரிசை வீடு) ஒழுகுவதைப் பற்றி ஒரு வரி எழுத வழியில்லை.

என் அப்பாயி பண்டாரவளைப் பக்கம் ஒரு தோட்டத்தில் பிறந்தவர். எழுபதுகளில் தலைமன்னாரில் கப்பலேறி வந்த குடும்பம். அவருடைய தங்கச்சி அங்கேயே தங்கிவிட்டார். “அதையே எழுதேன்” என்கிறார்கள் தோழிகள். “சொந்தக் கதை ஆய்வாகாது” என்கிறார் கைடு. நாற்பது பக்கம் எழுத வேண்டும். என்ன செய்யட்டும்?

பதில்: சேரம்பாடி வாத்தியார் (ஓய்வு)

கைடு சொல்வதில் பாதி சரி, அம்மா. அப்பாயியை மட்டும் எழுதினால் அது குடும்பக் கதை. அக்காள், தங்கச்சி இரண்டு பேரையும் எழுதினால் ஒப்பீடு. ஒரே தோட்டம், ஒரே கொழுந்து, ஒரே சாதி, ஒரே மொழி. மாறியது அரசாங்கம் மட்டும். இப்படி ஒரு ஜோடி எத்தனை பேருக்கு அமையும்? அந்த மாதிரி இன்னும் நாலைந்து குடும்பத்தைத் தேடிப் பிடி, கைடு வாயை மூடிக்கொள்வார்.

பின்னணியை மூன்று பக்கத்துக்குள் முடித்துவிடு. 1948 குடியுரிமைச் சட்டம் தோட்டத் தமிழரில் பெரும்பாலோரை நாடற்றவர்களாக்கியது. அடுத்த வருஷம் ஓட்டும் போனது. 1964 அக்டோபரில் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் 9,75,000 பேரை, பங்காளிகள் மாடு பிரிக்கிற மாதிரி, 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று பிரித்தார்கள். மிச்சமிருந்த 1,50,000 பேரை 1974ல் இந்திரா காலத்தில் சரிபாதியாக்கினார்கள். அங்கே விட்டுப்போனவர்களுக்கு 1988லும் 2003லும் சட்டம் போட்டுக் குடியுரிமை கொடுத்தாயிற்று. (83 கலவரத்துக்குப் பிறகு அகதியாக வந்து முகாமில் கிடக்கும் மலையகத் தமிழரை, அதாவது இதே தோட்டத் தமிழரை, இதில் சேர்க்காதே. அது தனி ஆய்வு, தனி வேதனை.)

காகிதத்தில் குடியுரிமைக் கணக்கு ஏறக்குறைய தீர்ந்துவிட்டது. தீராதது வீட்டுமனை. நான் உன் இடத்தில் இருந்தால் அதை ஒன்றைத்தான் எடுப்பேன். இங்கே 1968ல் தாயகம் திரும்பியோருக்காக வனத்துறை தொடங்கிய தேயிலைத் திட்டம்தான் பின்னால் டேன்டீ, அதாவது தமிழ்நாடு அரசின் தேயிலைத் தோட்டக் கழகம், ஆனது. தோட்டம் எதுவானாலும் லைன் வீடு வேலையோடு ஒட்டியது. வேலை முடிந்தால் வீடும் முடிந்தது. சரி, வெளியே ஒரு மனை பார்ப்போம் என்றால் கூடலூர், பந்தலூரில் பிரிவு 17 நிலம். 1969 ஜென்மி (பரம்பரை நிலக்கிழார்) ஒழிப்புச் சட்டத்தில், ஜென்மிகள் தோட்டங்களுக்குக் குத்தகை விட்ட நிலத்தைப் பற்றிய அந்தப் பிரிவு இன்றுவரை இழுத்துக்கொண்டு கிடக்கிறது. பட்டா கிடையாது, கரண்ட் கனெக்‌ஷனுக்கும் அலைய வேண்டும். மண்ணெண்ணெய் விளக்கில் படித்துப் பத்தாவது எழுதிய பிள்ளைகள் என் வகுப்பில் இருந்தார்கள். நில உரிமையும் கல்வி உரிமையும் அந்த விளக்கடியில் ஒன்றுதான். அட்டவணையில் இரண்டும் வேறு வேறு கட்டத்தில் இருக்கும்.

பதில்: அட்டன் வாசகி

சேர் சொன்னது இங்கேயும் அப்படியே. லயத்துக் காம்பராவுக்கு (உங்கள் லைன் வீடுதான்) காணி உறுதி, அதாவது நிலப் பத்திரம், இல்லை. 7 பேர்ச் காணி (ஒரு பேர்ச் சுமார் 272 சதுர அடி) என்று கேட்டுக் கேட்டுக் காது புளித்துவிட்டது. கடிதம் வந்தாலும் முதலில் தோட்ட ஒபிசுக்குப் போய்த்தான் எங்கள் கைக்கு வரும்.

தங்கச்சி, ஒன்றைக் கட்டாயம் பாருங்கள். 1987 பிரதேச சபைச் சட்டம் (பிரதேச சபை என்பது எங்கள் உள்ளூராட்சி மன்றம்), 33ஆம் பிரிவு. சபையின் காசைத் தோட்டத்துக்குள் செலவழிக்க அது தடையாக இருந்தது. 2018ல்தான் திருத்தினார்கள். அதுவரைக்கும் நாங்கள் வாக்குப் போட்டுத் தெரிவு செய்த சபைக்கே எங்கள் ரோட்டைப் போட ஏலாது. உங்கள் பிரிவு 17க்குப் பக்கத்தில் இதை வையுங்கள்.

தகவல் உரிமை மனு இரண்டு நாட்டிலும் குடிமக்களுக்கு மட்டும்தான். அதனால் இங்கத்தைய மனுவைப் பேராதனைப் பிள்ளைகள் போடட்டும், அங்கத்தையதை நீங்கள் போடுங்கள்.

பதில்: பந்தலூர்க்காரன்

தலைப்பில் பன்மை இருக்கிறது, பதில்களில் காணோம். பனியர், காட்டுநாயக்கர், முள்ளுக்குறும்பர் என்று இந்த மண்ணின் பழங்குடிகள் எல்லாம் எங்கே? டேன்டீ சும்மா கிடந்த மண்ணிலா முளைத்தது? வனத்துறை கையிலிருந்த காட்டில்தானே. 2022ல் அதில் ஒரு பகுதியை வனத்துறைக்கே திருப்பித் தர உத்தரவு வந்ததும் தொழிலாளிகள் எதிர்த்தார்கள். அவர்கள் பக்கம் நியாயம் உண்டு. ஆனால் 2006 வன உரிமைச் சட்டப்படி அதே மண்ணில் பழங்குடிக்கு என்ன பாத்தியம் என்பதையும் கேளுங்கள். இலங்கையில் அங்கத்தைய பழங்குடியான வேடர்களும் இருக்கிறார்கள். அவர்கள் வேட்டையாடிய காடு 1983ல் மாதுறு ஓயா தேசியப் பூங்காவாகிவிட்டது.

பதில்: சேரம்பாடி வாத்தியார்

வேடரை இழுத்தால் ஆய்வு சிதறிப்போகும். அதை வேறு யாராவது எழுதட்டும். பனியர் விஷயத்தில் தம்பி சொல்வதுதான் சரி. ஒருவருக்கு வீடு கொடுத்த அரசு யாருடைய காட்டிலிருந்து கொடுத்தது என்று கேட்காமல் மனையைப் பற்றி எழுத முடியாது. அதற்கு ஒரு முழு அத்தியாயம் ஒதுக்கிவிடு.

கோத்தகிரிப் பெண்

நன்றி ஐயா, நன்றி அக்கா, அண்ணா. அப்போது வீட்டுமனை ஒன்றுதான். அட்டவணையைப் பின்னிணைப்பில் போட்டுவிடுகிறேன், கைடுக்கு அது பிடித்திருக்கிறது. ஒரு சந்தேகம். அப்பாயியிடம் எப்படி ஆரம்பிப்பது? நாடு விட்டு வந்ததைக் கேட்டாலே எழுந்து அடுப்படிக்குப் போய்விடுகிறார்.

பதில்: சேரம்பாடி வாத்தியார்

கப்பலைப் பற்றி எடுத்ததுமே கேட்காதே. தாயகம் திரும்பியோர் குடும்ப அட்டை, பழைய பாஸ்போர்ட், ரேஷன் கார்டு என்று இருக்கிற காகிதத்தை எல்லாம் எடுத்து வைக்கச் சொல். எது எந்த வருஷம், எந்த ஆபீசில், யாருக்கு எவ்வளவு கொடுத்து வாங்கியது என்று கேள். பதிவு செய்வதற்கு முன் அவர் சம்மதத்தை வாங்கு. பெயரை மாற்றினால் மட்டும் போதாது, தோட்டத்தின் பெயரையும் லைன் நம்பரையும் மாற்று. அந்த வீட்டில் இன்னும் ஆள் குடியிருக்கிறார்கள் இல்லையா.

கோத்தகிரிப் பெண்

பாஸ்போர்ட் குன்னூரில் அத்தை வீட்டில் இருக்கிறதாம். ஞாயிற்றுக்கிழமை போய் வாங்கிவருகிறேன்.