பாட்டியின் டிரங்குப் பெட்டியில் இருந்த யானைக் காசு

(எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழு, ஞாயிறு காலை)

அத்தை: அம்மாவின் டிரங்குப் பெட்டியை இன்றைக்குத்தான் ஒழித்தேன். பட்டுப் புடவை மடிப்பில் இந்தப் பெரிய வெள்ளிக் காசு இருந்தது. யானை நெற்றியில் குங்குமம்கூட இருக்கிறது. [2 படங்கள்]

நான்: அத்தை, அது காசு இல்லை, மேலே மாட்டும் வளையம் இருக்கிறதே. கீழே உருது எழுத்தா?

சித்தப்பா: நல்ல கனமான வெள்ளி போலிருக்கிறது. புளி போட்டுத் தேய்த்தால் பளபளவென்று ஆகிவிடும்.

பெரியப்பா: யாரும் தேய்க்க வேண்டாம்! தங்கச்சி, அது பதக்கம். அந்த எழுத்து பாரசீகம். 1837 வரை கிழக்கிந்தியக் கம்பெனியின் அலுவல் மொழி அதுதான். பின்பக்கம் இருக்கும் கோயில் ரங்கூன் பெரிய பகோடாதானே?

அத்தை: ஆமாம் அண்ணா, கோபுரமும் பனை மரமும் தெரிகிறது.

பெரியப்பா: அப்படியானால் இது ஆவா பதக்கம். ஆவா என்றால் அன்றைய பர்மா ராஜ்யம். 1824 முதல் 1826 வரை நடந்த முதல் பர்மா போருக்காகக் கம்பெனி தன் இந்தியப் படையினருக்குக் கொடுத்தது. இந்திய அதிகாரிகளுக்குத் தங்கம், சிப்பாய்களுக்கு வெள்ளி. அதே போரில் நின்ற வெள்ளைக்காரச் சிப்பாய்களுக்கு 1851 வரை எதுவும் கிடைக்கவில்லை. அப்புறம் வந்ததும் வேறு பதக்கம், அதுவும் உயிரோடு இருந்தவர்களுக்கு மட்டும்.

நான்: நம் ஊர்க்காரர்கள் பர்மாவுக்கு எப்படிப் போனார்கள் பெரியப்பா?

பெரியப்பா: கப்பலில்தான். கடல் தாண்ட வேண்டியிருக்குமோ என்ற அச்சம், மூட்டை சுமக்க மாடு கிடைக்காத கோபம், எல்லாம் சேர்ந்து வங்காளச் சிப்பாய்கள் கல்கத்தா அருகே பாரக்பூரில் 1824 நவம்பரில் கிளம்ப மறுத்தார்கள். அவர்களைச் சுட்டே அடக்கினார்கள். அதற்கு முன்பே, மே மாதத்தில், மதராஸ் சிப்பாய்கள் ரங்கூனில் இறங்கிவிட்டார்கள். ஆட்களையும் தானியத்தையும் அனுப்பி வைத்தவர் மதராஸ் கவர்னர் மன்றோ. சென்னையில் தீவுத்திடல் பக்கம் சேணமில்லாக் குதிரையில் சிலையாக இருக்கிறாரே, அவர்தான்.

பெரியப்பா: இறங்கினால் ஊரே காலி. ஜனங்கள் அரிசி, மாடு எல்லாவற்றையும் ஓட்டிக்கொண்டு காட்டுக்குள் போய்விட்டார்கள். உடனே மழைக்காலம். காய்ச்சலும் வயிற்றுப்போக்கும்தான் கொன்றன. போன 40,000 பேரில் சுமார் 15,000 பேர் திரும்பவில்லை என்கிறார்கள். பெரும்பாலும் நோய்ச் சாவு. இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு மனசு பாரமாகிவிடும்.

அத்தை: அம்மா "கப்பலேறிப் போனவர் கொண்டுவந்தது" என்று மட்டும் சொல்வாள். யார் என்று சொன்னதே இல்லை. வெள்ளிக்கிழமைகளில் பிள்ளையார் பக்கத்தில் வைப்பாள்.

பெரியப்பா: படத்தைக் கொஞ்சம் உற்றுப் பார். யானை சிங்கத்தின் முன் மண்டியிட்டிருக்கும். யானை ஆவா ராஜா, சிங்கம் இங்கிலாந்து. அந்தப் பாரசீக வரியும் அதைத்தான் சொல்கிறது. போரை முடித்த யாண்டபோ உடன்படிக்கையில் பர்மா அரக்கான், தெனாசெரிம் பகுதிகளை விட்டுக்கொடுத்து, ஒரு கோடி ரூபாயும் கட்டியது.

அத்தை: அடடா. இத்தனை வருஷம் அதற்கா பொட்டு வைத்தோம்.

சித்தப்பா: விளிம்பில் பெயர் இருக்குமே? என் நண்பர் ஒருவர் பதக்கம் சேகரிக்கிறார், கேட்டால் நல்ல விலை சொல்வார்.

பெரியப்பா: பின்னால் வந்த பதக்கங்களில்தான் விளிம்பில் பெயரும் ரெஜிமென்ட் எண்ணும் இருக்கும். இதில் பெயர் பொறிக்காமலே கொடுத்தார்கள். அதனால்தான் விற்காதே என்கிறேன், தம்பி. கைமாறிவிட்டால் இது யாருடையது என்று சொல்ல ஒருவரும் இருக்க மாட்டார்கள்.

சித்தப்பா: சரி அண்ணா, விற்கவில்லை.

நான்: பெயரைக் கண்டுபிடிக்க வழியே இல்லையா?

பெரியப்பா: எழும்பூர் ஆவணக் காப்பகத்தில் மதராஸ் ராணுவப் பதிவுகள் இருக்கின்றன. ஆனால் பெயரோ ரெஜிமென்டோ தெரியாமல் தேட முடியாது. தங்கச்சி, அதே பெட்டியில் பழைய நிலப் பத்திரம் ஏதாவது இருக்கிறதா? ஆள் பெயருக்கு முன்னால் சுபேதார், ஜமேதார், நாயக், சிப்பாய் என்று எழுதியிருக்கிறதா பார்.

அத்தை: அடியில் ஒரு துணிச் சுருள் இருக்கிறது அண்ணா. மை ரொம்ப மங்கல். வெயிலில் வைத்துப் படம் எடுத்து அனுப்புகிறேன்.

பெரியப்பா: வெயில் வேண்டாம். ஜன்னலோரம் போதும்.