புதுப்பிப்பு: மூன்று மானிட்டரில் பக்கத் திரைகள் இழுபடும் பிரச்சினை தீர்ந்தது

மூன்று 27 அங்குல மானிட்டர்களை வைத்து ரேஸிங் ஆடும்போது பக்கத் திரைகளில் கார்கள் ரப்பர் மாதிரி இழுபடுகின்றன என்று முன்பு கேட்டிருந்தேன். கிராபிக்ஸ் கார்டை மாற்றச் சொன்னார்கள் சிலர். காரணம் அதுவல்ல.

மூன்று திரைகளும் சேர்ந்த 5760x1080 பிக்சல்களை ஒரே தட்டையான காட்சியாக விளையாட்டு வரைந்துகொண்டிருந்தது. கோணம் அகலமாக ஆக, ஓரங்கள் இழுபடத்தான் செய்யும். நான் ஆடும் கார் ரேஸிங் விளையாட்டான அசெட்டோ கோர்சாவில் மூன்று திரைக்கான தனி முறை இருக்கிறது. ஒவ்வொரு திரையையும் அதன் கோணத்துக்கு ஏற்ப தனியாக வரையும். அளவு நாடாவை எடுத்து உட்கார்ந்தேன். கண்ணிலிருந்து திரைக்கு 60 செ.மீ., திரையின் அகலம் ஏறக்குறைய 60 செ.மீ. அப்படியென்றால் ஒரு திரை கண்ணுக்கு 53 டிகிரி. பக்கத் திரைகளையும் அதே அளவு உள்நோக்கித் திருப்பி, மானிட்டரைச் சுற்றியுள்ள சட்டத்தின் தடிமனையும் விளையாட்டின் அமைப்பில் கொடுத்தேன். முன்பு சட்டத்தில் முறிந்து தெரிந்த சாலையோரக் கோடு இப்போது ஜன்னல் கம்பிக்குப் பின்னால் போவதுபோல் நேராகப் போகிறது. அதைப் பார்த்ததும் அவ்வளவு நிம்மதி!

அப்புறம், 3டி கண்ணாடி போட்டு ஆழத்தோடு ஆடலாமா என்று கேட்டவருக்கு: கணினித் திரையை 3டி கண்ணாடியில் பார்க்க வைத்த என்விடியா 3டி விஷனுக்கான ஆதரவு 2019-லேயே நின்றுவிட்டது. அதில் இரண்டு கண்ணுக்கும் மாறி மாறிப் படம் போவதால், 120 ஹெர்ட்ஸ் திரையில் ஒரு கண்ணுக்கு நொடிக்கு 60 படங்கள்தான், வெளிச்சமும் குறையும். இன்று ஆழம் வேண்டுமென்றால் தலையில் மாட்டிக்கொள்ளும் விஆர் ஹெட்செட்டே சரி. எனக்கு மூன்று திரையே போதும்.