ஜூனில் குமரி மாவட்டம், ஆறு நாள் படம் வரையும் பயணம்: ஈரத்துக்கு என்ன வழி? உபசரிப்புக்கு என்ன கைமாறு?

ஈரத்தாள்:
ஜூன் முதல் வாரம் பைக்கில் வர்றேன். நாகர்கோவிலில் தங்கி ஆறு நாள் வரையணும். நீர்வண்ணம்தான், ஏ5 நோட்டு. ரெண்டு சந்தேகம். மழைக்காத்துல தாள் காயுமா? அப்புறம், அந்தப் பக்கம் எங்க உட்கார்ந்தாலும் யாராவது சாயா, மரச்சீனி (மரவள்ளிக்கிழங்கு) கொண்டு வந்து தருவாங்க, காசு நீட்டினா முகம் மாறிடும்னு சொல்றாங்க. எப்படி நடந்துக்கிறது முறை?

வள்ளக்கோடு:
தேதி நல்ல தேதி. விசைப்படகு மீன்பிடித் தடை கிழக்குக் கரைக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, மேற்குக் கரைக்கு ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை. நம்ம மாவட்டத்துல ரெண்டு கரையும் உண்டு. அதனால ஜூன் 1 முதல் 14 வரை சின்னமுட்டம், முட்டம், குளச்சல், தேங்காப்பட்டணம் எல்லா இடத்துலயும் படகு கட்டிக் கிடக்கும். படகோட முன்பக்கமான அணியத்தையும் அதுல எழுதின பேரையும் நிதானமா வரையலாம். வள்ளங்களுக்கு, அதாவது சின்ன நாட்டுப் படகுகளுக்கு, தடை கிடையாது. அதனால காலையில வள்ளம் கரையேறும்போது வழியில ஸ்டூல் போடாதீங்க. விரிச்ச வலையை மிதிக்கக் கூடாது, தாண்டவும் கூடாது. படகு நிழலில் உட்காரணும்னா கேட்டுட்டு உட்காருங்க.

கடலோரம் தாள் காயாததுக்கு மழை மட்டும் காரணமில்ல, உப்பும்தான். அலைத்திவலை ஈர வண்ணத்துல விழுந்தா அந்தந்த இடத்துல வெள்ளை நட்சத்திரம் மாதிரி புள்ளி நிக்கும். தாளில் தங்கின உப்பு காத்துல இருக்கிற ஈரத்தை இழுத்துக்கிட்டே இருக்கும். தூரிகை கழுவ கடல்தண்ணி எடுக்காதீங்க. கரையோரக் கிணத்துத் தண்ணியும் உவர்ப்பா இருக்கலாம், குடிதண்ணி ஒரு லிட்டர் கையில வேணும். தேன் சேர்த்த வண்ணம் இந்தக் காத்துல பிசுபிசுன்னே கிடக்கும். அது வேண்டாம்.

தாள் 300 ஜிஎஸ்எம் (நல்ல தடிமன்), பருத்தியில செஞ்சது. முதல் பூச்சு காயறதுக்குள்ள ரெண்டாவது போட்டா சேறாகிடும். அதனால ரெண்டு நோட்டு வச்சு மாத்தி மாத்தி வரைங்க. ராத்திரி நோட்டை விரிச்சு ஃபேனுக்குக் கீழ வைங்க. மூடின பைக்குள்ள ரெண்டு நாள் ஈரமா கிடந்தா வண்ணம் உள்ளே ஊறாம இருக்கத் தாளில் சேர்த்திருக்கிற பசை போய், வண்ணத்தைத் திட்டுத்திட்டா உறிஞ்சும். அந்தத் தாளைத் திருத்த வழியில்ல.

ஆரல்வாய்மொழி, முப்பந்தல் பக்கம் வேற கதை. காத்தாலைங்க சும்மாவா அங்க நிக்குது? வரையற ஸ்டாண்ட் வச்சா நடுவுல ரெண்டு லிட்டர் தண்ணி பாட்டிலைத் தொங்கவிடுங்க. குடை விரிக்கவே வேண்டாம்.

மாத்தூர் தொட்டிப்பாலத்தை மேல நடந்துக்கிட்டு வரைஞ்சா வெறும் வாய்க்கால்தான் வரும். படி இறங்கிப் பரளியாத்துப் பக்கம் போனாத்தான் 115 அடி உயரமும் தூண் வரிசையும் தெரியும். மழை வலுத்தா இறங்காதீங்க. பத்மநாபபுரம் அரண்மனைக்குத் திங்கள்கிழமை விடுமுறை, போயிட்டு ஏமாறாதீங்க. உள்ள வெளிச்சம் கம்மி, பென்சில் போதும்.

ரப்பர்ஷீட்:
ரெண்டாவது கேள்விக்கு வர்றேன். குலசேகரம், திற்பரப்பு பக்கம் மழைக்கு ஒரு வீட்டுத் திண்ணையில ஒதுங்கினாலே கட்டன்சாயா (பால் விடாத டீ) வந்துடும். வேண்டாம்னு சொல்லாதீங்க, காசும் நீட்டாதீங்க. கடைன்னா மட்டும் காசு. கடைக்காரர் வாங்க மறுத்தா ஒரு சீப்பு மட்டிப்பழமோ கருப்பட்டியோ அவர்கிட்டயே விலைக்கு வாங்கிடுங்க. கணக்கு சரியாகிடும்.

வீட்டுக்காரங்களுக்குப் படம்தான் கைமாறு. அஞ்சல் அட்டை அளவுக்கு 20 தாள் தனியா வெட்டி வச்சுக்குங்க. முகம் வரையப் போகாதீங்க, சாயல் வரலைன்னா ரெண்டு பேருக்கும் சங்கடம். அவங்க வீடு, ஓட்டுக்கூரை, கொடியில காயற ரப்பர்ஷீட்டு, வள்ளம் இதுல ஒண்ணு, பத்து நிமிஷ வேலை. ஷீட்டுக்கு மஞ்சள் காவியை ரொம்ப நீர்க்கப் பூசி, காஞ்சது மேல இன்னொரு பூச்சு குடுங்க, அந்தத் தேன் நிறம் வந்துடும். கீழ அவங்க பேரை அவங்க சொல்ற எழுத்திலயே எழுதுங்க. குடுக்கிறதுக்கு முந்தி உங்களுக்கு ஒரு போட்டோ.

பிள்ளைங்க கூடிட்டா சுவர்ல முதுகு ஒட்டி உட்காருங்க, ரெண்டு பென்சிலும் நாலு தாளும் அவங்களுக்குக் குடுத்துடுங்க.

பூஞ்சணம்:
ஒரு மாற்றுக் கருத்து. அங்கேயே நீர்வண்ணத்துல போட்டுக் குடுக்காதீங்க. காயாத அட்டையைச் சின்னப் பிள்ளை கையில வாங்கினா முடிஞ்சுது. வாங்கினவங்க பிளாஸ்டிக் உறையில போட்டுச் சுவர்ல ஒட்டுவாங்க, உள்ளே ஈரம் அடைபட்டு ஒரே மழைக்காலத்துல கறுப்புப் புள்ளி வந்துடும். பேனா மட்டும் போதும். கண்ணாடிச் சட்டம் போடுறதா இருந்தா படம் கண்ணாடியில ஒட்டாம அட்டை விளிம்பு வச்சு இடைவெளி விடச் சொல்லுங்க.

ஈரத்தாள்:
மிக்க நன்றி. ரப்பர்ஷீட் அண்ணே, அப்போ வண்ணத்தை விட்டுடவா? சாதாரண ஊத்துப்பேனா மை ஆகுமா?

ரப்பர்ஷீட்:
பூஞ்சணம் சொல்றது சரிதான், ஜூனுக்குப் பேனாவே போதும், வண்ணத்தை உங்க நோட்டுல பாத்துக்குங்க. ஊத்துப்பேனா மை ஆகாது, ஒரு சொட்டு வேர்வை பட்டாலே ஓடும். நீர் புகாத நிறமி மைப்பேனா, 0.3 ஒண்ணு, 0.5 ஒண்ணு. கிளம்புறதுக்கு முந்தி அதே தாளில் ஒரு கோடு போட்டு, ரெண்டு நிமிஷம் கழிச்சு ஈர விரலால தேய்ச்சுப் பாருங்க. கலங்கினா வேற பேனா.

வள்ளக்கோடு:
ஒண்ணு விட்டுப்போச்சு. வீட்டுப் பெண்கள் கட்டன்சாயா தந்தாங்கன்னா படம் அனுப்பறேன்னு சொல்லி போன் நம்பர் கேக்காதீங்க. அன்னைக்கே வரைஞ்சு குடுக்க முடியலைன்னா பேரெழுதி முக்குல இருக்கிற சாயாக்கடையில குடுத்துட்டு வாங்க. சாயங்காலத்துக்குள்ள போய்ச் சேர்ந்துடும்.