ஷூ கடித்த கால்: பழனிப் பாதையிலும் கல்யாண வீட்டிலும்

கோட்டையூரான்:
தைப்பூசத்துக்குக் குன்றக்குடியிலிருந்து பழனிக்கு நடந்தவர்களுக்கு ஷூ கடி என்றால் என்ன என்று விளக்க வேண்டியதில்லை. சிங்கம்புணரி தாண்டியதும் குதிகாலில் எலுமிச்சை அளவு கொப்புளம். ஒரு திண்ணையில் உட்கார்ந்து சாக்ஸைக் கழற்றினேன். பக்கத்தில் இருந்த பெரியவர் "இருங்க தம்பி" என்று சட்டையிலிருந்த ஊக்கை எடுத்துக் குத்தி, நான் வாய் திறப்பதற்குள் தோலை மொத்தமாக உரித்துப் போட்டுவிட்டார். "இனிமே காத்தோட்டமா இருக்கும்" என்று சிரித்தாரே, அதுதான் மறக்கவில்லை. அடுத்த நாள் காலைக் கீழே ஊன்றவே முடியவில்லை. நல்ல மனுஷர், திட்டவும் முடியாது.

தேவகோட்டைத் தங்கை:
எங்கள் அண்ணன் கதை வேறு. கல்யாணத்துக்கு வாங்கிய புதுத் தோல் ஷூவை அன்றைக்குத்தான் முதல்முதலாகப் போட்டான். பெண் வீட்டு முகப்பில் ஷூவைக் கழற்றிவிட்டு உள்ளே போனால், ஆத்தங்குடித் தரையில் வரிசையாக ரத்தப் பொட்டு! அந்த வீட்டு ஆச்சி ஒருவர் அதைப் பார்த்தார், அப்புறம் அண்ணனைப் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை. எங்கள் அம்மாவுக்குத்தான் உயிர் போய் வந்தது.

நத்தம் ரோடு:
பழனிக்கு ஷூ போட்டு நடந்தால் கடிக்கத்தான் செய்யும். எங்கள் அப்பச்சி காலத்தில் எல்லோரும் வெறுங்கால்தான். நானும் அப்படித்தான். மத்தியானத் தாரில் உள்ளங்கால் கொப்புளித்ததுண்டு, தேங்காய் எண்ணெய் தடவினேன், சரியாகிவிட்டது.

பள்ளத்தூர் நர்ஸ்:
நத்தம் ரோடு அண்ணே, உங்கள் கொப்புளம் சூட்டில் வந்தது, இது உராய்வில் வருவது. ஷூவுக்குள் எலும்பு ஒரு பக்கம் நகர, மேல்தோல் ஒரு பக்கம் இழுபட, தோலுக்குள்ளேயே அடுக்கு பிரிந்து நீர் கோக்கிறது. வேர்வையில் ஊறிய தோல் இன்னும் சீக்கிரம் பிரியும். அதனால் பருத்தி சாக்ஸ் வேண்டாம், ஈரம் அதிலேயே தங்கிவிடும். ஷூவைச் சாயங்காலம் வாங்குங்கள், கால் வீங்கியிருக்கும் நேரம் அது. வீட்டுக்குள் போட்டுப் பழக்கியபின் வெளியே போங்கள். நடக்கும்போது ஓரிடம் காந்த ஆரம்பித்தால் அங்கேயே உட்கார்ந்து பேப்பர் பிளாஸ்திரி ஒட்டுங்கள், அடுத்த மண்டகப்படி வரை தள்ளிப்போட வேண்டாம். 2016ல் வந்த ஓர் ஆய்வில், 155 மைல் போட்டியில் ஓடிய 128 பேருக்கு முன்கூட்டியே இதை ஒட்டிப் பார்த்தார்கள். ஒட்டிய இடங்களில் கொப்புளம் சுமார் 40 சதவீதம் குறைவு. மருந்துக்கடையில் மலிவாகவே கிடைக்கும்.

வந்துவிட்டால்? சின்னதைத் தொடாதீர்கள். பெரிதாகி நடக்க முடியாமல் வலித்தால் மட்டும், சோப்பால் கழுவி, ஸ்பிரிட்டில் துடைத்த ஊசியால் ஓரத்தில் குத்தி நீரை வடியுங்கள். தோலை உரிக்கவே கூடாது, அதுதான் இயற்கைக் கட்டு. கோட்டையூராருக்கு எரிந்தது அது போனதால்தான். மேலே வாசலின் தடவி, ஒட்டாத துணி வைத்துக் கட்டலாம். சுற்றிலும் சிவப்பு பரவினாலோ சீழ் வைத்தாலோ டாக்டர். சர்க்கரை உள்ளவர்கள் தாங்களே ஊசியை எடுக்கவே கூடாது, வெறுங்காலிலும் நடக்கக் கூடாது. அண்ணே, நீங்களும் ஒருதடவை பார்த்துக்கொள்ளுங்கள்.

நத்தம் ரோடு:
எனக்குச் சர்க்கரை என்று யார் சொன்னது? போன மாசம்தான் பார்த்தேன். நார்மல்.