ராங்கெல் தீவில் ஒரே இடத்தில் 200 பனிக்கரடிகள்: நல்ல சேதியா, கெட்ட சேதியா?

கரிசல்மண்:
2017 செப்டம்பரில் ரஷ்யாவின் ராங்கெல் தீவுப் பக்கம் போன சுற்றுலாக் கப்பல்காரர்கள் பார்த்த காட்சி இது. கரை ஒதுங்கிய ஒரு செத்த திமிங்கிலம், அதைச் சுற்றி 200க்கும் மேற்பட்ட பனிக்கரடிகள். குட்டியோடு தாய்களும் உண்டு. எல்லாம் கொழுகொழுவென்று. பூமி சூடாகிப் பனிக்கரடி இனமே அழியப்போகிறது என்று ஒப்பாரி வைப்பவர்கள் இதற்குப் பதில் சொல்லுங்கள். அந்த வட்டாரமான சுக்சி கடலில் மட்டும் சுமார் 3,000 கரடிகள் இருக்கின்றன என்பது விஞ்ஞானிகளே போட்ட கணக்கு.

நீலகிரியான்:
கணக்கு சரிதான் நண்பரே. ஆனால் செப்டம்பரில் அவ்வளவு கரடிக்குக் கரையில் என்ன வேலை? கடல்நாயைப் பிடிக்கப் பனிக்கட்டி மேல் நிற்கவேண்டிய விலங்கு அது. கோடையில் கரையோரப் பனி உருகி, மிச்சப் பனி வடக்கே ஆழ்கடலுக்கு மேல் ஒதுங்கிவிடுகிறது. அங்கே இரை குறைவு. பனியோடு போவதா, தீவில் ஏறிக் காத்திருப்பதா என்ற நிலையில் பல கரடிகள் தீவைத் தேர்ந்தெடுக்கின்றன. 20 ஆண்டுகளுக்கு முன்பு இருந்ததைவிட இப்போது ஏறத்தாழ ஒரு மாதம் கூடுதலாகக் கரையில் கிடக்கின்றன. ரேஷன் கடையில் கூட்டம் என்றால் ஊரே செழிப்பு என்பீர்களா?

கரிசல்மண்:
ரேஷன் கடை உவமை நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்த வரிசையில் நிற்பவர்கள் எல்லாம் தொப்பையோடு நிற்கிறார்களே! சுக்சி கடல் ஆழமில்லாதது, மீனும் கடல்நாயும் மண்டிக் கிடக்கும் இடம். வசந்தத்தில் தின்று சேர்த்த கொழுப்பே கோடைக்குப் போதும். உண்மையில் கரடியைக் காப்பாற்றியது வேட்டைத் தடை. சோவியத் அரசு 1956லேயே தடை போட்டது, 1976ல் தீவையே காப்பகமாக்கியது. துப்பாக்கி நின்றது, கரடி பெருகியது. அவ்வளவுதான் கதை.

தாழம்பூ:
அண்ணன்மார் இருவரும் கரடியை விட்டு இறங்கவே மாட்டீர்களா? 7,600 சதுர கிலோமீட்டர் தீவு அது. நான் லெம்மிங் எலியைப் பார்க்கச் சொல்வேன்.

அங்கே பனி வாத்துகள் ஆயிரக்கணக்கில் தரையில் கூடு கட்டும். முட்டை திருட ஆர்க்டிக் நரி அலையும். அதனால் சில வாத்துகள் பனி ஆந்தையின் கூட்டைச் சுற்றியே தங்கள் கூட்டை அமைக்கின்றன. தன் குஞ்சைக் காக்க ஆந்தை பாய்ந்து அடிக்கும்போது நரி பின்வாங்கும், வாத்துக்கும் இலவசக் காவல். ஆனால் லெம்மிங் பெருகும் ஆண்டில்தான் ஆந்தை கூடு கட்டும். எலி இல்லையா, ஆந்தையும் இல்லை, காவலும் இல்லை.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். 1970களில் ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை பெருகிய லெம்மிங், பின்னால் கிட்டத்தட்ட எட்டு ஆண்டுக்கு ஒருமுறை என்று ஆகிவிட்டது. குளிர்காலத்தில் நடுவே பனி உருகி மறுபடி உறைந்தால் புல்லின் மேல் கண்ணாடி மாதிரி ஐஸ் பிடித்துக்கொள்கிறது. பனிக்கு அடியில் மேயும் எலிக்கு வாசலை அடைத்தது போலத்தான். அந்தத் தீவில் துப்பாக்கி நின்று பல காலம் ஆயிற்றே, இதற்கு யாரைக் குற்றம் சொல்வது?

கரிசல்மண்:
எலிக் கணக்கு புதிதாக இருக்கிறது, ஒத்துக்கொள்ளத் தயார். ஆனால் வாத்து என்ன ஆயிற்று? 1970களில் சரிந்த ராங்கெல் வாத்துக் கூட்டம் இன்று சில லட்சங்கள். கலிபோர்னியா வரை போய்க் குளிர்காலத்தைக் கழித்துவிட்டுத் திரும்புகின்றன. காவல்காரன் லீவு போட்டும் வீடு நிறைந்திருக்கிறதே!

தாழம்பூ:
நிறைந்திருக்கிறது, மறுக்கவில்லை. பனி சீக்கிரம் உருகினால் வாத்துக்குக் கூடு கட்ட நாள் கூடுகிறது, தெற்கே வயலில் தீனியும் கிடைக்கிறது. சூடு எல்லோருக்கும் நட்டம் என்று நான் எங்கே சொன்னேன்? வாத்துக்கு லாபம், ஆந்தைக்கு இல்லை. நீங்கள் லாபக் கணக்கை மட்டும் வாசிக்கிறீர்கள்.

நீலகிரியான்:
அதே கேள்விதான் கரடிக்கும். ஒவ்வொரு செப்டம்பரும் திமிங்கிலம் செத்து ஒதுங்காது கரிசல். அது வராத ஆண்டில் எத்தனை கரடி, எந்த எடையில் இருந்தது என்ற கணக்கோடு வாருங்கள், பேசலாம்.

கரிசல்மண்:
வருகிறேன். அதுவரை தொப்பை தொப்பைதான்.